பாட்டுக் கிடைக்காத பேச்சு: மாணவர் இசை நாடகத்தில் வட்டார வழக்கும் நகைச்சுவையும்

1. கேள்வி

பள்ளி ஆண்டு விழாவிலோ கல்லூரி மேடையிலோ ஒரு பாத்திரம் ஊர்ப் பேச்சில் வாயைத் திறந்ததும் அரங்கு சிரிக்கிறது. அந்தச் சிரிப்பு யார் மீது விழுகிறது? பேசுகிறவன் மீதா, அவன் கேலி செய்யும் பெரிய மனிதர் மீதா? இதற்கு வழக்கமாக இரண்டு விடைகள் சொல்லப்படுகின்றன. வட்டார வழக்கு மேடைக்கு உயிரும் இயல்பும் தருகிறது, ஆகவே அது வரவேற்கத்தக்கது என்பது ஒன்று. கிராமத்தானையும் படிக்காதவனையும் கோமாளியாக்கவே அது பயன்படுகிறது என்பது மற்றொன்று. இரண்டுக்கும் சான்றுகள் உண்டு. ஆனால் இரண்டுமே வழக்கு மேடையில் இருக்கிறதா இல்லையா என்பதோடு நின்றுவிடுகின்றன.

இசை நாடகத்தில் பேச்சு தனியாக இல்லை. பக்கத்தில் பாட்டு இருக்கிறது. எவர் பாடுகிறார், எவர் பேச மட்டும் செய்கிறார், பாட்டு எந்தத் தமிழில் அமைகிறது என்பதைப் பொறுத்தே சிரிப்பின் திசை அமைகிறது என்பது இக்கட்டுரையின் வாதம். கதையை நகர்த்தும் பாட்டு எந்த வழக்குக்கு மறுக்கப்படுகிறதோ அந்த வழக்கே கேலிப்பொருளாகிறது. இதைச் சோதிக்க மாணவர் நாடகம் ஏற்ற களம். பாடநூல் தமிழுக்கும் வீட்டுத் தமிழுக்கும் நடுவே அன்றாடம் போய்வருகிறவர்கள் மாணவர்கள்தான்.

இந்தக் கேள்வியைக் கல்லாவியிலிருந்து கேட்பதற்கும் காரணம் உண்டு. 1965இல் சேலத்திலிருந்து தருமபுரி பிரிந்தது. 2004இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. அந்த மாவட்டத்தில், ஊத்தங்கரைப் பக்கம் இருக்கும் ஊர் கல்லாவி. மாவட்டத்தின் மேற்குக் கோடியில், கர்நாடக எல்லையில் ஓசூர். அங்கே சிப்காட்டும் பெருந்தொழிற்சாலைகளும். தமிழோடு தெலுங்கும் கன்னடமும் உருதும் புழங்கும் மாவட்டம் இது. ஒரே வகுப்பறையில் மூன்று வீட்டுமொழிகள் இருப்பது இங்கே புதுமையல்ல. மேடையில் எந்தப் பேச்சுக்கு என்ன இடம் என்பது இத்தகைய ஊரில் கோட்பாட்டுக் கேள்வியாக மட்டும் நிற்பதில்லை.

2. பழைய பங்கீடு

பேச்சை வைத்துச் சிரிப்பது பழைய பழக்கம். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கையும் நகையின் நிலைக்களன்களாகத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறுகிறது. அதற்கு உரை கண்ட இளம்பூரணர், நகை பிறக்கும் இடங்களாகச் செயிற்றியனார் தரும் பட்டியல் ஒன்றை எடுத்துக்காட்டுகிறார். முடவர் நடக்கும் நடையும் ஆரியர் பேசும் தமிழும் அதில் இடம்பெறுகின்றன. உடற்குறையும் அயலானின் உச்சரிப்பும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டிருப்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டிலும் சிரிப்பவர் நிறைவானவர், சிரிக்கப்படுபவர் குறையுள்ளவர்.

வடமொழி நாடகம் இந்த ஏற்றத்தாழ்வை இலக்கணமாகவே ஆக்கியது. அரசன் சமஸ்கிருதத்தில் பேசுவான். பிராமணனே ஆனாலும் விதூடகன் பிராகிருதத்தில்தான் பேசுவான். தமிழ் இசை நாடகம் மொழியை மாற்றாமல் நடையை மாற்றி இதே வேலையைச் செய்தது. ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் விருத்தத்திலும் கீர்த்தனையிலும் தர்க்கம் செய்வார்கள். பபூன் கொச்சையில் பேசுவான். தெருக்கூத்தில் வேடதாரி திரை விருத்தம் பாடி வருவார். கட்டியக்காரன் ஊர்ப் பேச்சில் ‘நீ யாரப்பா?’ என்ற தோரணையில் அவரை விசாரிப்பான்.

பபூனும் பாடுகிறானே, கட்டியக்காரனுக்கும் வரவுப் பாட்டு உண்டே என்று இங்கே மறுப்பு எழலாம். மறுப்பு சரியானதுதான். ஸ்பெஷல் நாடக இரவின் முற்பகுதியில் பபூனும் நடனக்காரியும் பாடி ஆடும் காட்சி அம்மரபின் முக்கியமான ஈர்ப்பு. மதுரை வட்டார நாடகக் கலைஞர்களிடையே களப்பணி செய்து 2005இல் நூல் வெளியிட்ட சூசன் சைசர் அதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். ஆனால் அந்தப் பாட்டு முதன்மைக் கதைக்கு வெளியே நிற்பது. வள்ளியின் திருமணத்தை அது ஓர் அடியும் நகர்த்துவதில்லை. கதையின் திருப்பங்கள் உயர்நடைப் பாட்டின் பொறுப்பிலேயே இருக்கின்றன. எனவே ‘பாட்டு மறுக்கப்படுகிறது’ என்பதைக் ‘கதையை நகர்த்தும் பாட்டு மறுக்கப்படுகிறது’ என்று திருத்திக்கொண்டால் வாதம் நிற்கும்.

கட்டியக்காரனின் நிலை இன்னும் நுட்பமானது. அவன் கதைக்குள்ளும் இருக்கிறான், வெளியிலும் இருக்கிறான். துரியோதனனின் சேவகனாக நின்றுகொண்டே அவனைப் பார்வையாளர் சார்பில் கேள்வி கேட்கிறான். இங்கே சிரிப்பு பல நேரங்களில் மேல்நோக்கிப் பாய்கிறது. ஆயினும் துகிலுரிதலின்போதும் கர்ணமோட்சத்தின்போதும் அவை உறைந்து கேட்கும் தருணத்தில் பாடுகிறவன் கட்டியக்காரன் அல்லன். கேள்வி கேட்கும் உரிமை ஊர்ப் பேச்சுக்கு உண்டு. துயரப்படும் உரிமை பெரும்பாலும் இல்லை.

3. பாய்ஸ் கம்பெனி: குரல் தீர்மானித்த வேடம்

தமிழில் மாணவர் இசை நாடகம் என்று முதலில் சுட்டத்தக்கவை பாய்ஸ் கம்பெனி எனப்பட்ட பாலர் நாடகக் குழுக்கள். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை இவற்றுள் புகழ்பெற்றது. பிற்காலத்தில் டி.கே.எஸ். சகோதரர்கள் என்று பெயர்பெற்றவர்கள் அங்கேதான் பயின்றார்கள். 1925இல் தனிக் குழு கண்டார்கள். இவை பள்ளிக்கூடங்கள் அல்ல, தொழில்முறைக் குழுக்கள். ஆயினும் வாத்தியார், பாடம், மனப்பாடம், தண்டனை என்று அவற்றின் வாழ்க்கை குருகுல வாழ்க்கையே.

அந்த உலகில் வேடத்தைத் தீர்மானித்தது குரல். பருவம் வந்து மகரக்கட்டு உடைந்த பையனுக்கு அதுவரை பாடிவந்த வேடங்கள் கைநழுவும். மேடையின் உச்சியில் பாட்டு இருந்ததால், பாட முடியாதவனுக்குப் பேச்சு எஞ்சியது. இந்த அமைப்பில் நகைச்சுவை நடிகன் என்பவன் ஒரு திறமைசாலி மட்டும் அல்லன். இசைப் படிநிலையில் ஓர் இடம்.

அந்த இடத்திலிருந்து பாட்டை மீட்டெடுத்தவர் என்.எஸ். கிருஷ்ணன் (1908–1957). நாஞ்சில் நாட்டுக்காரர், டி.கே.எஸ். குழுவில் வளர்ந்தவர். 1949இல் வெளிவந்த ‘நல்லதம்பி’ படத்தில் அவர் நடத்திய கிந்தனார் கதாகாலட்சேபம் நம் வாதத்துக்கு முக்கியமான சான்று. கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரம் வகுத்த காலட்சேப வடிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, சிதம்பரம் போக ஏங்கிய நந்தனின் இடத்தில் பட்டணத்துக்குப் படிக்கப் போகும் சிறுவன் கிந்தனை அவர் வைத்தார். வடிவம் உயர்ந்தது, பேச்சு ஊருடையது, பொருள் ஒடுக்கப்பட்டவனின் கல்வி. சிரிப்பு கிந்தன் மீது விழவில்லை. அவன் படிப்பதைப் பொறுக்காத உலகின் மீது விழுந்தது. காரணம், கிந்தனின் கதையைக் கொண்டுசெல்வதே அந்தப் பாட்டுதான்.

4. கொழும்பு: எல்லோருக்கும் ஒரே பேச்சு

வட்டார வழக்கை முழுமையாக நம்பிய மாணவர் நாடகத்துக்குத் தெளிவான எடுத்துக்காட்டு இலங்கையில் கிடைக்கிறது. லண்டனில் கல்வெட்டுத் தமிழை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பிய க. கணபதிப்பிள்ளை (1903–1968) கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் விரிவுரையாளராக இருந்தபோது அங்குள்ள தமிழ் மாணவர்களுக்காக நாடகங்கள் எழுதினார். ‘உடையார் மிடுக்கு’, ‘முருகன் திருகுதாளம்’, ‘கண்ணன் கூத்து’, ‘நாட்டவன் நகர வாழ்க்கை’ என்னும் நான்கும் 1940இல் ‘நானாடகம்’ என்ற நூலாயின. பருத்தித்துறைப் பக்கத்துக் கிராமப் பேச்சே இவற்றின் மொழி. எழுதியவர் பழந்தமிழ் வல்லுநர். நடித்தவர்கள் ஆங்கிலவழி உயர்கல்வி பெற்றவர்கள். இருவருக்கும் இந்தப் பேச்சு தேவையால் வந்ததன்று, தெரிவால் வந்தது.

இந்நாடகங்களை இயற்பண்புவாதத்தின் தொடக்கமாகவும் ஈழத்து அடையாளத்தின் அறிகுறியாகவும் வாசிப்பது வழக்கம். அதில் உண்மை உண்டு. ஆனால் நகைச்சுவையின் கோணத்தில் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. ஒருவனுக்கு மட்டும் வட்டார வழக்கைக் கொடுத்தால் அது கோமாளியின் முத்திரை. எல்லாப் பாத்திரங்களுக்கும் கொடுத்துவிட்டால் அது மேடையின் பொதுமொழி. அப்போது சிரிப்புக்கு வேறு இலக்கு தேவைப்படுகிறது. ‘உடையார் மிடுக்கு’ என்ற தலைப்பே அந்த இலக்கைச் சொல்லிவிடுகிறது: குடியேற்ற ஆட்சி தந்த பதவியில் நிமிர்ந்து நடக்கும் ஊர்ப் பெரியவர்.

யாழ்ப்பாணப் பேச்சின் அமைப்பும் இதற்குத் துணைநிற்கிறது. அங்கே முன்னிலையில் நீ, நீர், நீங்கள் என மூன்று படிகள் உயிரோடு இருக்கின்றன. ‘வா’, ‘வாரும்’, ‘வாங்கோ’ என்ற மூன்றுக்கும் இடையில் உறவு, வயது, சாதி, பதவி எல்லாம் அளந்து வைக்கப்பட்டிருக்கின்றன. அந்தஸ்தைப் பற்றிய நகைச்சுவையை இத்தகைய பேச்சில் எழுதுகிறவருக்குத் தனியாகச் சிரிப்பு வசனம் தேவையில்லை. ஒருவர் ஒரு படி ஏறியோ இறங்கியோ விளித்தால் போதும். அவையில் இருப்பவருக்கு உடனே புரியும். எழுத்துத் தமிழில் இந்த நுட்பம் பெரும்பாலும் தட்டையாகிவிடும்.

ஹர்ஷரின் ‘இரத்தினாவளி’யைத் தழுவி ‘மாணிக்கமாலை’யைத் தந்தவரும் கணபதிப்பிள்ளைதான். அரசனுக்கு ஒரு மொழி, விதூடகனுக்கு வேறு மொழி என்ற பங்கீட்டை மூலத்திலேயே கற்றவர் அவர். ஆகவே ‘நானாடக’த்தில் அந்தப் பங்கீடு இல்லாதது அறியாமையின் விளைவாக இருக்க முடியாது, அதை அறிந்தே கைவிட்டார் என்று கொள்வதே பொருத்தம்.

ஆனால் இதற்கு ஒரு விலையும் இருந்தது. ‘நானாடகம்’ அடிப்படையில் பேச்சு நாடகம். வழக்கு எல்லோருக்கும் பொதுவான அதே நேரத்தில் இசை நாடகத்தின் பாட்டு மேடையை விட்டு இறங்கிவிட்டது. சமத்துவம் வந்தது, பாட்டின் மட்டத்தை உயர்த்தி அன்று, பாட்டையே விலக்கி.

5. பேராதனை: பாட்டின் மீட்சி, நொண்டியின் குரல்

பாட்டைத் திரும்பக் கொண்டுவந்தது அடுத்த தலைமுறை. இலங்கைப் பல்கலைக்கழகம் பேராதனைக்கு இடம்பெயர்ந்த பின், 1956இல் எதிரிவீர சரச்சந்திரவின் ‘மனமே’ சிங்கள நாட்டார் அரங்கைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு மேடை ஏற்றிப் பெரும் வரவேற்பைப் பெற்றது. அதே பல்கலைக்கழகத்தில் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்து மரபைத் தமிழ் மாணவர்களோடு மேடைக்குக் கொண்டுவந்தார். 1962இல் ‘கர்ணன் போர்’, 1963இல் ‘நொண்டி நாடகம்’, 1964இல் ‘இராவணேசன்’, பின்னர் ‘வாலிவதை’. அன்று மாணவராக அந்தக் கூத்துகளில் ஆடிய சி. மௌனகுரு பின்னர் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து அவ்வரலாற்றை எழுதினார்.

விடிய விடிய ஆடும் கூத்து, மின்விளக்கு மேடையில் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குச் சுருக்கப்பட்டது. ஆட்டமும் பாட்டும் செறிவடைந்தன. கர்ணனும் இராவணனும் அவலநாயகர்களாக எழுந்தார்கள். இத்தகைய சுருக்கத்தில் முதலில் பலியாகக்கூடியது எது? மேடையிலேயே பிறக்கும் ஊர்ப் பேச்சு, அன்றைய ஊர்ச் செய்தியைத் தொட்டு வீசும் கேலி, கதையை நிறுத்திவிட்டுப் பேசும் நேரம். பேச்சு வந்த இடத்தில் பாட்டு போயிற்று. பாட்டு திரும்பிய இடத்தில் பேச்சு சுருங்கியது. இந்த எதிர்விகிதம் தற்செயலானதாகத் தோன்றவில்லை. மதிப்பு பெற விரும்பும் மாணவர் அரங்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்கிறது.

அந்த வரிசையில் ‘நொண்டி நாடகம்’ தனித்து நிற்பது இதனால்தான். நொண்டி நாடகம் என்னும் இலக்கிய வகை தமிழில் பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் செழித்தது. திருச்செந்தூர் நொண்டி நாடகமும் சீதக்காதி நொண்டி நாடகமும் அதன் புகழ்பெற்ற எடுத்துக்காட்டுகள். திருடன் ஒருவன் தாசியிடம் பொருளிழந்து, குதிரை திருடப் போய் அகப்பட்டுக் கால் வெட்டுண்டு, பின் தெய்வ அருளாலோ வள்ளலின் துணையாலோ கால் பெறுவது கதையின் பொது அச்சு. கதையைச் சொல்பவன் அந்த நொண்டியே. சிந்து யாப்பும் பேச்சுக்கு நெருங்கிய மொழியும் அவன் தாவும் நடையும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன.

செயிற்றியனாரின் பட்டியலை இங்கே மறுபடி எண்ணிப் பார்க்கலாம். அங்கே முடவனின் நடை பிறர் சிரிக்கும் பொருள். இங்கே அதே நடை தாளமாகிவிட்டது. சிரிப்பு யாருடையது, எப்போது வரவேண்டும் என்பதை நொண்டியே தீர்மானிக்கிறான். தன் மடமையையும் தாசி வீட்டின் தந்திரத்தையும் தண்டித்த அதிகாரத்தையும் ஒரே பாட்டில் அவன் அடுக்குகிறான். பாட்டுக்கும் பேச்சுக்கும் நடுவிலிருந்த வேலி இவ்வகையில் தாழ்ந்துவிடுகிறது. கிந்தனாரில் கண்டதும் இதே அமைப்புதான்.

ஆக மூன்று ஏற்பாடுகள் நமக்குக் கிடைக்கின்றன. பாட்டு உயர்நடைக்கு, பேச்சு கோமாளிக்கு என்னும் பங்கீடு. எல்லோருக்கும் வட்டாரப் பேச்சு, பாட்டு இல்லை என்னும் சமன். பாட்டே வட்டாரப் பேச்சில் அமையும் இணைப்பு. மூன்றாவது தமிழில் அரிது, ஆனால் புதிதன்று.

6. எதிர்வாதங்கள்

முதல் எதிர்வாதம்: ‘வட்டார வழக்கு’ என்று ஒரே பொருளாகப் பேச முடியுமா? பருத்தித்துறைக் கிராமப் பேச்சைக் கொழும்பு மேடையில் வைத்தால் யாழ்ப்பாணத்தின் பிற பகுதிகளும் மலையகமும் மட்டக்களப்பும் அங்கே கேட்கவில்லை என்றுதானே பொருள்? ஓர் ஊருக்குள்ளேயே சாதிக்கொரு பேச்சு உண்டு. எல்லோருக்கும் பொது என்று சொல்லப்படும் பேச்சு பெரும்பாலும் ஊரில் செல்வாக்குள்ளவரின் பேச்சு. இது வலுவான வாதம். இதனால் என் கருத்து கவிழ்வதில்லை, கூர்மையடைகிறது. எந்தப் பேச்சு மேடைக்கு வந்தது என்று மட்டும் கேட்டு நிறுத்தாமல், வந்த பேச்சுகளுள் எதற்குப் பாட்டுக் கிடைத்தது என்றும் கேட்க வேண்டும்.

இரண்டாவது எதிர்வாதம் பள்ளி நிர்வாகங்களிடமிருந்து வருவது. ஊர்ப் பேச்சு நகைச்சுவை இரட்டை அர்த்தத்தில் போய் முடியும், மாணவருக்குப் பொருந்தாது என்பார்கள். பபூன் காட்சிகளின் மரபை அறிந்தவர் இந்த அச்சத்தை முற்றிலும் தள்ள முடியாது. ஆனால் ஆபாசம் வழக்கின் இயல்பு அன்று; கதைக்கு வெளியே தள்ளப்பட்ட நகைச்சுவைக்குச் சிரிப்பை வரவழைக்க வேறு வழி விடப்படாததன் விளைவு அது. கதைப்பொறுப்பு ஏற்ற நொண்டிக்கும் கிந்தனுக்கும் சொல்லவேண்டியது நிறைய இருக்கிறது.

மூன்றாவது எதிர்வாதம்: கேலி கீழ்நோக்கிப் பாய்வதே நகைச்சுவையின் ஆற்றல், அதைத் திருத்த முயல்வது அறவுரை நாடகத்தில் கொண்டுபோய்விடும். ‘நானாடக’த்தின் இலக்கையும் கட்டியக்காரனின் விசாரணையையும் பார்த்த பின் இதை ஏற்பது கடினம். மிடுக்கானவர் சறுக்கும்போது எழும் சிரிப்பு, ஏற்கனவே விழுந்தவரைக் கண்டு எழும் சிரிப்பைவிட எந்த வகையிலும் வலுக்குறைந்ததன்று.

7. கல்லாவி மேடைக்கு

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களுக்கு இந்த ஆய்வு என்ன சொல்கிறது? இங்கே இசை நாடக மரபு அற்றுப்போகவில்லை. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும் நிலப்பகுதி இது. கட்டியக்காரனை இங்குள்ள மாணவருக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் பள்ளி மேடையில் நகைச்சுவைக்கு முன்மாதிரி பெரும்பாலும் சினிமா. கோவை, மதுரை, சென்னைப் பேச்சுகளை வைத்துச் சினிமா சிரிப்பு மூட்டியது போல இந்த எல்லைப்புறப் பேச்சை வைத்துப் பெரிதாகச் செய்ததில்லை. அதனால் இங்குள்ள மாணவர் சிரிக்கவைக்க வேண்டுமென்றால் வேறோர் ஊரின் பேச்சைக் கடன் வாங்கும் நிலை உருவாகிறது. சொந்தப் பேச்சு கேலிக்குக்கூட ஆளாகாத அளவுக்குக் கேட்கப்படாமல் இருப்பது இன்னொரு வகைப் புறக்கணிப்பு.

இரண்டு வாய்ப்புகள் கண்முன் இருக்கின்றன. ஒன்று, 2022–23 கல்வியாண்டில் தமிழக அரசு பள்ளிகளில் தொடங்கிய கலைத் திருவிழா. நாடகம் அதில் ஒரு போட்டிப் பிரிவு. மற்றொன்று, கூத்தைப் பள்ளிக் கல்வியோடு இணைத்த முன்னனுபவம். காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி பிரூயினும் நடத்திய கட்டைக்கூத்து குருகுலம் 2002 முதல் 2020 வரை சிறுவர் சிறுமியருக்குப் பள்ளிப் படிப்போடு கூத்தையும் கற்றுத் தந்தது. பெண் பிள்ளைகளும் வேடம் கட்டினார்கள். பாய்ஸ் கம்பெனியில் பயிற்சி பாடப்படிப்பின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. குருகுலத்தில் இரண்டும் அருகருகே நடந்தன. மாணவர் இசை நாடகம் கூத்து மரபுக்கு அயலானது என்று சொல்ல முடியாதபடி இந்த அனுபவம் செய்துவிட்டது.

அயலான் என்ற சொல் ஓசூரில் இன்று நேரடிப் பொருள் கொண்டது. தொழிற்சாலைகளுக்கும் கட்டடப் பணிகளுக்கும் வட மாநிலங்களிலிருந்து வந்திருக்கும் தொழிலாளர்கள் பேசும் அரைகுறைத் தமிழ், மாணவர் நகைச்சுவைக்குக் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறது. ‘ஆரியர் பேசும் தமிழ்’ என்ற பழைய சிரிப்புப் பொருள் புதிய உடையில் திரும்ப எல்லா வசதியும் இருக்கிறது. அதே தொழிலாளிக்கு மேடையில் கதையை நகர்த்தும் ஒரு பாட்டைக் கொடுத்தால், இந்திச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் கலந்த அவன் மொழியிலேயே கொடுத்தால், அவன் உச்சரிப்பைப் பார்த்து மட்டும் சிரித்துவிட்டுப் போவது அவைக்கு எளிதாக இராது. வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசும் கல்லாவிப் பக்கத்து மாணவருக்கும் இது பொருந்தும்.

நாடகப் போட்டியின் நடுவர்களுக்கும் பயிற்றுவிக்கும் ஆசிரியர்களுக்கும் இந்த ஆய்விலிருந்து ஒரு சோதனையைப் பரிந்துரைக்கலாம். நாடகத்தில் ஊர்ப் பேச்சு எவ்வளவு இருக்கிறது என்று அளக்க வேண்டாம். அதைப் பேசுகிற பாத்திரத்தைக் கதையிலிருந்து எடுத்துவிட்டால் கதை நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நின்றால் அவன் பபூன். அவன் பேச்சு கேலிக்கு மட்டுமே வரவழைக்கப்பட்டிருக்கிறது. நிற்காவிட்டால், அவனுக்குப் பாட்டு இருக்கிறதா என்று அடுத்துப் பார்க்க வேண்டும். இருந்தால் அவன் சிரிக்கவைக்கலாம், சிரிக்கப்படலாம், அழவும் வைக்கலாம். மாணவர் நாடகம் ஊர்ப் பேச்சுக்குச் செய்யக்கூடிய நியாயம் இவ்வளவே. பாரதக் கூத்தின் பாட்டும் கட்டியக்காரனின் வாயும் ஒருங்கே கிடைக்கும் இந்த வட்டாரத்தில் அதற்கு வெளியிலிருந்து எதையும் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை.